எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கலாமா?



"சித்தி, எனக்கு எதிர்ப்புச் சக்தி கம்மியா?"

என் அக்காவின் மகன் ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டான். அப்போது அவன் எட்டாம் வகுப்பு மாணவன். அவனுக்கு முதல் வகை நீரிழிவு நோய். நாள்தோறும் நான்கு வேளை தனக்குத் தானே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவன். இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவன் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தான்.

நடந்தது இதுதான். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "பையனுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. அதனால்தான் இந்த வயதிலேயே சர்க்கரை வந்திருக்கிறது. இந்தச் சூரணத்தைக் கொடுங்கள். சக்தி ஏற ஏற ஊசியைக் குறைத்துவிடலாம்" என்று சொல்லிப் போனார். டப்பாவின் மேலும் 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அக்கா நம்பினாள். ஊசி மருந்தின் அளவு குறைந்தது. ஒரு வாரத்திற்குள் பையனுக்கு ஓயாத வாந்தி. மூச்சு வாங்கியது. நினைவு மங்கியது. நல்ல வேளையாக உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். பிழைத்துக்கொண்டான்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவள். உயிரியல் என் தொழில் அல்ல. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது ஓர் உண்மை தெளிவாயிற்று. 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குங்கள்' என்னும் முழக்கமே தவறானது. இது என் கருத்து. ஏன் என்பதைச் சொல்கிறேன். சரிதானா என்று நீங்களே எடைபோட்டுப் பாருங்கள்.

ஒரே வீடு, ஒரே கொசு

நான் பிறந்து வளர்ந்த ஊர் நெய்வேலிக்கு அருகிலுள்ள முத்தாண்டிக்குப்பம். முந்திரித் தோப்புகள் சூழ்ந்த ஊர். நான் சிறுமியாக இருந்தபோது சுகாதாரப் பணியாளர்கள் இரவு நேரத்தில் வருவார்கள். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டு போவார்கள். அது யானைக்கால் நோய்க்கான சோதனை.

பகலில் வராமல் ஏன் இரவில் வர வேண்டும்? அந்நோயை உண்டாக்கும் 'வூச்சரேரியா பாங்க்ராஃப்டி' என்ற புழு நம் உடலின் நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. அது ஈனும் நுண்ணிய இளம்புழுக்கள் பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் தங்கியிருக்கும். இரவில்தான் தோலருகே ஓடும் இரத்தத்துக்கு வரும். அவற்றை ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குக் கொண்டு செல்லும் க்யூலெக்ஸ் கொசு கடிக்க வருவதும் இரவில்தான். என்ன பொருத்தம் பாருங்கள்!

எங்கள் வீட்டில் தாத்தாவின் இரத்தத்தில் புழு இருப்பதாகத் தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் அவருக்குக் காலில் வீக்கமோ காய்ச்சலோ ஒருபோதும் வந்ததில்லை. ஆயாவின் இரத்தத்தில் புழு தென்படவில்லை. ஆனால் ஆயாவின் இடக்கால்தான் தூண்போல வீங்கியிருந்தது! ஒரே வீடு, ஒரே கொசு. பின் ஏன் இந்த வேறுபாடு? "கிழவருக்கு உரமான உடம்பு, தாங்கிக்கொண்டது. கிழவிக்கு எதிர்ப்பு இல்லை" என்பார்கள் ஊரார். வெகுகாலம் நானும் அப்படித்தான் நம்பினேன். உண்மை ஏறத்தாழ அதற்கு நேர்மாறானது என்பதைப் பின்னால் காண்போம்.

சுரங்கம் சொல்லும் பாடம்

நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்த்தவர்கள், வாளிச் சக்கரம் சுழல மண்ணை வெட்டும் பிரம்மாண்டமான இயந்திரங்களைத்தான் வியந்து பேசுவார்கள். ஆனால் அச்சுரங்கம் இயங்குவதற்கு இன்றியமையாத வேறொன்று உண்டு. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தில் நிலத்தடி நீர் நிற்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அழுத்தத்துடன் அது மேல்நோக்கி முட்டுகிறது. மேலே உள்ள மண்ணை அகற்றிவிட்டால் அந்த நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். எனவே ஆழ்குழாய்க் கிணறுகளில் பம்புகள் இரவு பகலாக ஓடி அந்த அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருக்கின்றன. வெட்டும் இயந்திரம் ஒரு நாள் நின்றால் உற்பத்தி குறையும். பம்புகள் நின்றாலோ சுரங்கமே மூழ்கும்.

நம் உடலிலும் இப்படி இருவகைப் பணிகள் உள்ளன. 'டி-செல்' எனப்படும் வெள்ளணுக்கள் நோய்க் கிருமிகளையும், கிருமி புகுந்த உயிரணுக்களையும் எதிர்க்கின்றன. இவை வெட்டும் இயந்திரங்கள். இவற்றின் ஆவேசத்தைத் தணிக்கும் பம்புகளும் உண்டு. அவைதான் 'கட்டுப்படுத்தும் டி-செல்கள்'.

டி-செல்கள் முதிர்ச்சி அடையும் இடம் மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி. அங்கே அவற்றுக்கு ஒரு தேர்வு நடக்கிறது. சொந்த உடலையே பகையாகக் கருதும் செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆனால் எந்தத் தேர்விலும் சிலர் தப்பிவிடுவார்கள் அல்லவா? அப்படித் தப்பி வெளியே வந்த செல்களை அடக்கி வைப்பது கட்டுப்படுத்தும் செல்களின் வேலை.

இந்த எண்ணத்துக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1970-களில் 'அடக்கும் செல்கள்' பற்றி ஏராளமான கட்டுரைகள் வந்தன. அவற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஒரு மரபணு, டி.என்.ஏ.வை நேரடியாகச் சோதித்தபோது சொல்லப்பட்ட இடத்தில் இல்லவே இல்லை! 1980-களில் அந்தத் துறையே மதிப்பிழந்தது. ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி மட்டும் கைவிடவில்லை. பிறந்து மூன்று நாளான சுண்டெலியின் தைமஸ் சுரப்பியை அகற்றினால், எதிர்ப்பாற்றல் குறைவதற்குப் பதிலாக வெறிகொண்டு அதன் உடலையே தாக்குவதை அவர் அறிந்திருந்தார். நல்ல சுண்டெலியின் டி-செல்களைச் செலுத்தினால் அந்நோய் வராமல் தடுக்கப்பட்டது. ஆகவே அடக்கும் செல்கள் இருந்தே தீர வேண்டும். 1995-இல் 'சிடி25' என்னும் புரதத்தை அடையாளமாகக் கொண்டு அவற்றைப் பிரித்துக் காட்டினார்.

அணு ஆராய்ச்சிக் கூடத்துச் சுண்டெலி

கதையின் அடுத்த பகுதி, இயற்பியல்காரியான எனக்கு மிகவும் பிடித்தது. 1940-களில் அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில், கதிர்வீச்சு உயிர்களை எப்படிப் பாதிக்கிறது என்று சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்தார்கள். அங்கே ஒருமுறை தானாகவே சில விசித்திரமான ஆண் குட்டிகள் பிறந்தன. தோல் செதிள் செதிளாக உரிந்தது. மண்ணீரல் வீங்கியது. சில வாரங்களில் இறந்தன. பெண் குட்டிகள் நோயின்றி வாழ்ந்தன. குறை எக்ஸ் குரோமோசோமில் உள்ளது என்பதற்கு இது அடையாளம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றொன்று காக்கும். ஆணுக்கு இருப்பது ஒன்றே.

எந்த மரபணு கெட்டிருக்கிறது? 1990-களில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் தேடத் தொடங்கினார்கள். சுண்டெலியின் எக்ஸ் குரோமோசோம் ஏறத்தாழ 17 கோடி எழுத்துகள் கொண்ட நூல் போன்றது. அதில் 5 இலட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு பகுதிக்குத் தேடலைச் சுருக்கினார்கள். அப்பகுதியில் மரபணுவாக இருக்கக்கூடியவை 20. ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கடைசியான இருபதாவதில்தான் குறை அகப்பட்டது! அதற்கு 'ஃபாக்ஸ்பி3' என்று பெயரிட்டார்கள். ஆண்டு 2001. இதே மரபணு மனிதரில் கெட்டால், 'ஐபெக்ஸ்' என்னும் கொடிய நோயுடன் ஆண் குழந்தைகள் பிறக்கின்றன என்பதும் அவ்வாண்டே தெரியவந்தது. அக்குழந்தைகளுக்கு நிற்காத வயிற்றுப்போக்கு, தோல் நோய், இவற்றோடு பிறந்த சில நாட்களிலோ மாதங்களிலோ முதல் வகை நீரிழிவும் வருகிறது!

2003-இல் இரண்டு கதைகளும் ஒன்றாயின. சகாகுச்சி கண்ட செல்களை உருவாக்குவதே ஃபாக்ஸ்பி3 மரபணுதான் என்று நிறுவப்பட்டது. இம்மூவருக்கும் 2025-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சுவிட்சுகளின் சுவிட்சு

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் உள்ளது. தாக்கும் செல்லிலும் ஃபாக்ஸ்பி3 மரபணு உண்டு. கட்டுப்படுத்தும் செல்லிலும் உண்டு. உங்கள் கல்லீரலின் செல்லிலும்கூட உண்டு! பின் வேறுபாடு எங்கே?

எந்த மரபணு இருக்கிறது என்பதில் இல்லை. எது இயங்குகிறது, எது உறங்குகிறது என்பதில் இருக்கிறது. ஒரே வீட்டில் பத்து விளக்குகள் இருந்தாலும், எந்த அறையில் எந்த விளக்கு எரிகிறது என்பதைச் சுவிட்சு தீர்மானிப்பது போல. ஃபாக்ஸ்பி3 மரபணு இயங்கினால் ஒரு புரதம் உண்டாகிறது. அப்புரதம் டி.என்.ஏ.யின் மீது அமர்ந்து வேறு பல மரபணுக்களை இயக்குகிறது அல்லது அணைக்கிறது. 'இன்டர்லூக்கின்-2' என்னும் வளர்ச்சித் தூண்டியை உண்டாக்கும் மரபணு அணைகிறது. ஆனால் அதே பொருளைப் பிடித்து உறிஞ்சும் சிடி25 பெருகுகிறது. தான் உற்பத்தி செய்யாமல் அக்கம்பக்கத்தில் உள்ளதை இழுத்துக்கொள்வதால் தாக்கும் செல்களுக்குத் தீனி குறைகிறது. எவ்வளவு எளிய உபாயம்!

சரி, ஃபாக்ஸ்பி3 என்னும் சுவிட்சைப் போடுவது யார்? அந்த மரபணுவை ஒட்டியே சில கட்டுப்பாட்டுப் பகுதிகள் டி.என்.ஏ.யில் உள்ளன. அலெக்சாண்டர் ருடென்ஸ்கியின் குழு 2010-இல் அத்தகைய மூன்று பகுதிகளின் வேலையைச் சுண்டெலிகளில் பிரித்துக் காட்டியது. ஒரு பகுதி, தைமஸில் சுவிட்சை முதலில் போட உதவுகிறது. இன்னொன்று, குடல் போன்ற இடங்களில் சாதாரண டி-செல்லைக் கட்டுப்படுத்தும் செல்லாக மாற்ற உதவுகிறது. மூன்றாவது, போட்ட சுவிட்சு அணையாமல் காக்கிறது.

மூன்றாவதை விளக்க நம் பள்ளிப் பாடமே போதும். தேனிரும்பைச் சுற்றிக் கம்பிச் சுருள் வைத்து மின்சாரம் செலுத்தினால் அது காந்தமாகும். மின்சாரத்தை நிறுத்தினால் காந்தம் போய்விடும். எஃகுக்கோ அப்படி இல்லை. மின்சாரம் நின்ற பின்னும் காந்தமாகவே இருக்கும். ஃபாக்ஸ்பி3 மரபணுவின் அந்தக் காப்புப் பகுதியில் சாதாரணமாக 'மீத்தைல்' என்னும் சிறு மூலக்கூறுத் தொகுதிகள் பூட்டுப்போல ஒட்டியிருக்கும். தைமஸில் உருவாகும் உண்மையான கட்டுப்படுத்தும் செல்களில் அப்பூட்டுகள் நீங்கிவிடுகின்றன. அந்தச் செல் பலமுறை பிரிந்து பெருகினாலும், சேய்ச் செல்களில் சுவிட்சு அணைவதில்லை. அது எஃகுக் காந்தம். பூட்டு நீங்காமல், தற்காலிகத் தூண்டுதலால் மட்டும் ஃபாக்ஸ்பி3 இயங்கும் செல்களோ தூண்டுதல் நின்றதும் மாறிவிடக்கூடும். அவை தேனிரும்பு.

சேத்துப்பட்டில் கிடைத்த விடை

இனி என் தாத்தா, ஆயா கதைக்கு வருவோம். சென்னை சேத்துப்பட்டில் அன்று காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயருடன் இருந்த, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படும் நிலையத்தில், யானைக்கால் நோயைப் பற்றியும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். சுபாஷ் பாபு, வி. குமாரசாமி, அமெரிக்காவின் தாமஸ் நட்மன் முதலியோர் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கால் வீங்கிய நோயாளிகள் ஒருபுறம், இரத்தத்தில் புழு இருந்தும் எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் மறுபுறம். இரு சாராரின் வெள்ளணுக்களையும் எடுத்து, சோதனைச் சாலையில் புழுவின் புரதத்தைக் காட்டினார்கள்.

என்ன கண்டார்கள் தெரியுமா? கால் வீங்கியவர்களின் செல்கள் தாக்குதலுக்கான சமிக்ஞைகளை அதிகமாக உமிழ்ந்தன. ஃபாக்ஸ்பி3 உள்ளிட்ட கட்டுப்பாட்டு மரபணுக்களின் இயக்கமோ அவர்களிடம் குறைந்திருந்தது. தொல்லையற்றவர்களிடம் நிலைமை இதற்கு எதிரானது.

அதாவது, வீங்கிய கால் எதிர்ப்பே இல்லாததன் அடையாளம் அல்ல. பிரேக் குறைந்த எதிர்ப்பின் அடையாளமும் அதில் உள்ளது! என் ஆயாவின் இரத்தத்தை யாரும் இப்படிச் சோதிக்கவில்லை. ஆகவே அவர் ஒருவரைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பிரேக் குறைந்ததால் வீங்கியதா, வீங்கியதால் பிரேக் குறைந்ததா என்பதையும் இந்த ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. புண் வழியாக நுழையும் பாக்டீரியாக்களும் வீக்கத்தை வளர்க்கின்றன. அதனால்தான் அந்நோயாளிகள் நாள்தோறும் சோப்பிட்டுக் காலைக் கழுவித் துடைக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் 'எதிர்ப்பு இல்லாத கிழவி' என்ற பழிச்சொல்லுக்கு ஆதாரம் இல்லை என்பது நிச்சயம்.

புழுவைத் தாங்கிக்கொண்ட தாத்தாவின் நிலையும் முழு நன்மை அல்ல. பிரேக்கின் மறைவில்தான் புழு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. கொசுவின் வழியாக ஊருக்கும் பரவுகிறது. புற்றுநோய்க் கட்டிகளும் கட்டுப்படுத்தும் செல்களைத் தம்மைச் சுற்றித் திரட்டி அவற்றின் பின் ஒளிந்துகொள்கின்றன. சுரங்கப் பம்பும் அப்படித்தானே? இறைக்காவிட்டால் வெள்ளம். தேவைக்கு மேல் இறைத்தால் சுற்றுப்புற நிலத்தின் நீர் வற்றும். வேண்டுவது பெருக்கமும் அல்ல, குறைப்பும் அல்ல. அளவு.

உண்மையாகவே பெருக்கினால்?

முதல் வகை நீரிழிவில் நடப்பது என்ன? கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை நம் டி-செல்களே பகையெனக் கருதி அழித்துவிடுகின்றன. இனிப்புத் தின்றதால் வந்ததல்ல. பலவீனத்தால் வந்ததும் அல்ல. ஐபெக்ஸ் குழந்தைகள் இதற்குச் சான்று. ஃபாக்ஸ்பி3 என்னும் ஒரே ஒரு சுவிட்சு பழுதானதும் நீரிழிவு வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு வரும் முதல் வகை நீரிழிவில் பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து செயல்படுகின்றன. ஆனால் அங்கும் தாக்குவது சொந்தப் படைதான்.

இன்னொரு சான்றும் உண்டு. எதிர்ப்பாற்றலின் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் இன்று மெய்யாகவே இருக்கின்றன. அவற்றுக்கு வழிவகுத்த ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். புற்றுநோயாளிகள் பலரை அம்மருந்துகள் காப்பாற்றுகின்றன. ஆனால் அவற்றைப் பெறுவோரில் சிலருக்குக் குடல் அழற்சி, தைராய்டுக் கோளாறு ஆகியவை வருகின்றன. அரிதாகச் சிலருக்குப் புதிதாக நீரிழிவே வருகிறது. எதிர்ப்புச் சக்தியை உண்மையாகப் பெருக்கினால் என்ன ஆகும் என்பதை இது காட்டவில்லையா? டப்பாவில் எழுதியிருப்பது உண்மையாக இருந்தால், அது என் அக்கா மகனுக்குக் கொடுக்கக் கூடாத பொருள். பொய்யாக இருந்தால், காசுக்குக் கேடு. இரண்டில் எதுவானாலும் இன்சுலினுக்கு மாற்று அல்ல.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். பட்டினியால் மெலிந்த குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் உண்மையிலேயே குறையும். எய்ட்ஸ் நோயிலும் குறையும். மறுக்கவில்லை. அங்கே வேண்டியது சோறும் பருப்பும், உரிய மருந்தும். தடுப்பூசி எதிர்ப்பைப் பெருக்கவில்லையா என்று கேட்பீர்கள். தடுப்பூசி பொத்தாம்பொதுவாகப் படையைப் பெருக்குவதில்லை. 'இன்ன எதிரி இப்படி இருப்பான்' என்று குறிப்பிட்ட ஒன்றை அடையாளம் காட்டிக் கொடுக்கிறது. அது பயிற்சி. வெறியூட்டல் அல்ல.

எனவே மாணவர்களே, 2020-இல் கொரோனா வந்த நாளிலிருந்து கடைதோறும், திரைதோறும் காணும் 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்ற விளம்பரத்தை இனிப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தச் செல்லைப் பெருக்குகிறது? எவ்வளவு பெருக்குகிறது, அளந்தது யார்? பெருகியதை எப்போது, எது நிறுத்தும்? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. இயற்பியலில் நீராவி எஞ்சினைப் பற்றிப் படிக்கும்போது கொதிகலனை மட்டும் படிப்பதில்லை. பாதுகாப்பு வால்வையும் சேர்த்தே படிக்கிறோம். உடலையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

உங்கள் வகுப்பிலும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் தோழனோ தோழியோ இருக்கலாம். அவரிடம் "உனக்கு உடம்பில் சக்தி இல்லை" என்று சொல்லாதீர்கள். யாராவது சொன்னால் திருத்துங்கள். அவர் ஊசி போட்டுக்கொள்ள ஓர் ஒதுக்கமான, தூய்மையான இடம் வகுப்பறையில் அமையுமாறு ஆசிரியரிடம் கேளுங்கள். சர்க்கரை திடீரென இறங்கித் தலைசுற்றினால் கொடுப்பதற்கு நாலு கரண்டிச் சர்க்கரையும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அன்று மருத்துவமனையில் என் அக்கா மகனுக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. சில மாதம் படித்த பிறகுதான் சொன்னேன்: "கம்மி இல்லடா. உன் படை வலுவாகத்தான் இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில்தான் ஏதோ தவறிவிட்டது. அதற்கு நீயும் காரணம் இல்லை, உன் அம்மாவும் காரணம் இல்லை."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப பம்பு ரிப்பேர், அவ்வளவுதானே சித்தி?" என்றான்.

இப்போது அவன் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்துப் படிக்கிறான். ஊசியை ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை.